சுழற்றும் கை எங்கே?

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. எரிபொருள் நிலையங்களின் முன்னால் மக்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்தனர். அவ்வாறானதொரு வரிசையில் எமக்கு முன்னால் நின்றவர் எமது பழைய மாணவர் ஒருவர், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞான பாடத்தில் 'ஏ' சித்தி பெற்றவர். அவர் தமது கைத்தொலைபேசியில் ஒரு காணொளியை எமக்குக் காட்டினார். மோட்டார் ஒன்று மின்பிறப்பாக்கி ஒன்றைச் சுழற்றுகிறது. அம்மின்பிறப்பாக்கி தரும் மின்சாரம் அதே மோட்டாருக்குத் திரும்பிச் செல்கிறது. எஞ்சிய மின்சாரத்தில் வரிசையாக மின்குமிழ்கள் எரிகின்றன. எண்ணெயும் வேண்டியதில்லை, நிலக்கரியும் வேண்டியதில்லை. "எண்ணெய்க் கொம்பனிக்காரர் இதை மறைச்சு வைச்சிருக்கிறாங்கள், சேர்" என்றார் அவர்.

சக்திக் காப்பு விதியை மறந்துவிட்டீரோ என்று கேட்டோம். அவர் மறக்கவில்லை. சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றவே முடியும் என்று ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்புவித்தார். ஒப்புவித்துவிட்டுச் சொன்னார்: "அது சோதினைக்குப் படிச்சது, சேர். இது வேற."

இக்கட்டுரை அந்த இளைஞரைச் சாடுவதற்கு எழுதப்படவில்லை. அவருக்கு அவ்விதியைக் கற்பித்த முறையைச் சாடுவதற்கே எழுதப்படுகிறது. எமது வகுப்பறைகளில் நடப்பதை, நாம் சொல்லத் துணியாத எளிமையோடு அவர் சொல்லிவிட்டார். பரீட்சைக்குப் படித்த விதி மனத்தின் ஒரு மூலையில் கிடக்கிறது. உலகத்தைப் பற்றிய நம்பிக்கை இன்னொரு மூலையில் கிடக்கிறது. இரண்டும் ஒருநாளும் சந்திப்பதில்லை. விஞ்ஞானத்தை இவ்வாறு கற்பிப்பதற்கும் பொருள் தெரியாத மந்திரத்தை உருவேற்றுவதற்கும் என்ன வேற்றுமை? மந்திரத்தை உருவேற்றியவன் அதனைப் பூசை அறைக்கு வெளியே எடுத்துச் செல்வதில்லை. விதியை உருவேற்றியவனும் அதனைப் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே எடுத்துச் செல்வதில்லை.

ஆகவே நாம் ஒரு யோசனையை முன்வைக்கின்றோம். வெளியிலிருந்து எதனையும் பெறாது என்றென்றும் தானே இயங்கி வேலையும் செய்யும் என்று சொல்லப்படும் பொறியை நித்திய இயக்கப் பொறி என்பர். அப்பொறியைப் பௌதிகவியல் வகுப்பின் வாசலில் தடுத்து நிறுத்தாமல், ஒரு புதிராக உள்ளே அழைத்துவர வேண்டும். சக்திக் காப்பு விதியைக் கற்பிப்பதற்கு அதனினும் நல்ல துணைக்கருவி இல்லை என்பது எமது துணிபு.

தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். அலுவல் உண்டு. இந்நாட்டுத் தமிழ் மாணவர் பௌதிகவியலைத் தமிழிலேயே கற்கின்றனர். பாடத்தில் வரும் 'சக்தி' என்னும் சொல், அவர்கள் வீட்டிலும் கோயிலிலும் சந்தியிலும் கேட்கும் அதே சொல்லாகும். அம்மனுக்கும் சக்தி உண்டு. தாயத்துக்கும் சக்தி உண்டு. கல்லொன்றை உயர்த்தும்போது யூல் என்ற அலகில் நாம் கணக்கிடுவதும் சக்தியே. பழைய சொல்லுக்குப் புதிய பொருள் தருவது குற்றமன்று. எல்லா மொழிகளும் அதனைச் செய்துள்ளன. ஆனால் அப்புதிய பொருளை மாணவன் தன் உழைப்பாற் பெறாவிடின், பழைய பொருளே அவன் மனத்தில் ஆட்சி செய்யும். ஆக்கவும் அழிக்கவும் முடியாதது சக்தி என்ற வாக்கியத்தைக் கோயிற் பிரசங்கமொன்றின் நடுவே செருகினாலும் கேட்போர் வித்தியாசம் காணமாட்டார்கள்.

எமக்கு இவ்விடயத்தில் ஒரு கடனும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் தரம் பத்து மாணவரை, தாம் செய்ய விரும்பும் பொறியைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு பணித்தோம். ஒருவன் சைக்கிள் சில்லொன்றில் நிறைகளைக் கட்டி, தானே சுழன்று கிணற்று நீரை இறைக்கும் பொறியொன்றை வரைந்திருந்தான். அவன் தகப்பனார் தோட்டஞ் செய்பவர். நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வேண்டிய மண்ணெண்ணெயின் விலையே அவ்வீட்டின் அன்றாடக் கவலை. படத்தை விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுமாறு நாமே அவனை அனுப்பினோம். விதிக்கு முரணானது, போய் இரு என்ற விடை கிடைத்தது. வகுப்புச் சிரித்தது. பையன் தாளைக் கிழித்தெறிந்தான். அதன்பின் அவன் எந்தப் பாடத்திலும் கேள்வி கேட்டதை நாம் காணவில்லை.

அந்த ஆசிரியரை மட்டும் குறைகூற எமக்கு உரிமையில்லை. நாற்பது நிமிடப் பாடவேளை, முடிக்கவேண்டிய பாடத்திட்டம், தலைக்கு மேலே பரீட்சை முடிவுகள் என்னும் கத்தி. இவற்றின் நடுவே அவர் நின்றார். அன்றியும், அந்தச் சில்லுச் சுழலாது என்பதை நாமும் அறிந்திருந்தோமேயன்றி, ஏன் சுழலாது என்று சொல்ல எமக்குத் தெரியாது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற நாமும் அந்தப் பையனின் கேள்விக்கு முன்னால் மந்திரம் ஒன்றையே வைத்திருந்தோம். அதன் பின்னரே இதுபற்றிப் படிக்கத் தொடங்கினோம்.

படித்தபோது எம்மை முதலில் வியப்பிலாழ்த்தியது வரலாறு. சக்திக் காப்பு விதி முதலில் இருந்தது, அதனால் நித்திய இயக்கப் பொறி விலக்கப்பட்டது என்றே நாம் எண்ணியிருந்தோம். நடந்தது அதற்கு நேர்மாறு. இரசத்தைப் பாதி நிரப்பிய ஆரக்கால்களைக் கொண்டு தானே சுழலும் சில்லொன்றைப் பாஸ்கராச்சாரியர் 1150ஆம் ஆண்டளவில் விவரித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டு வில்லார் த ஒனெக்கூர் என்பவர் ஒரு சில்லின் விளிம்பில் ஏழு சுத்தியல்களைத் தொங்கவிட்டு வரைந்தார். லியனார்டோ டா வின்சி இத்தகைய சில்லுகளை ஆராய்ந்து, அவை பயன்படா என்ற முடிவுக்கு வந்தார். நூற்றாண்டு நூற்றாண்டாகக் கைவினைஞர் முயன்றனர், தோற்றனர். 1775இல் பாரிசு விஞ்ஞானக் கழகம் இனிமேல் இத்தகைய பொறிகளைப் பரிசீலிப்பதில்லை என்று தீர்மானித்தது. அவ்வாண்டிலே சக்திக் காப்பு விதி என்ற ஒன்று இன்னும் வகுக்கப்படவே இல்லை! ஜாவாத் தீவுக்குச் சென்ற டச்சுக் கப்பலொன்றில் வைத்தியராயிருந்த ஜெர்மானியர் மேயர் தமது கருத்தை வெளியிட்டது 1842இல். யூல் தமது அளவீடுகளை நிகழ்த்தியது அதே தசாப்தத்தில். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதனைப் பொது விதியாக நிறுவியது 1847இல். அவரும் நித்திய இயக்கம் இயலாது என்பதையே தமது வாதத்தின் தொடக்கப் புள்ளியாகக் கொண்டார்.

தோல்விகளே விதியைப் பெற்றெடுத்தன என்பது இதனாற் புலனாகும். எழுநூறு ஆண்டுத் தோல்வியை மறைத்துவிட்டு, அதன் பயனாகிய ஒரு வாக்கியத்தை மட்டும் மாணவனிடம் கொடுப்பது எவ்வகையில் நியாயம்?

சிந்தனைக்கு இப்புதிர் எத்தகைய கருவியாகும் என்பதை 1586இலேயே காட்டியவர் சைமன் ஸ்டெவின். ஒரு பக்கம் மற்றையதன் இருமடங்கு நீளமான முக்கோணக் கட்டையொன்றை அவர் கற்பனை செய்தார். அதன்மேல் பதினான்கு சம குண்டுகளைக் கோத்த மாலையைப் போட்டார். நீண்ட சரிவில் நான்கு குண்டுகள். குறுகிய சரிவில் இரண்டு. எஞ்சிய எட்டும் கீழே தொங்குகின்றன. நான்கு குண்டுகள் இரண்டை இழுத்து மாலையை நகர்த்துமா? நகர்ந்தால், ஒரு குண்டு போன இடத்துக்கு மற்றொரு குண்டு வந்து பழைய நிலையே மீளும். மாலை ஓயாமற் சுற்றவேண்டும். அது நடவாது. ஆகவே நீண்ட சரிவின் நான்கும் குறுகிய சரிவின் இரண்டும் சமன் செய்கின்றன என்று கண்டு, சாய்தளத்தின் விதியை அவர் நிறுவினார். எந்த ஆய்வுகூடமும் இல்லாத பாடசாலையிலும், ஒரு வெண்கட்டித் துண்டைக் கொண்டு இதனைக் கற்பிக்கலாம்.

வகுப்பறையில் இப்புதிர்களை நடத்துவதற்கு ஒரேயொரு நிபந்தனை வேண்டும். விதிக்கு முரணானது என்ற விடைக்குப் புள்ளி கிடையாது. பொறி எந்த இடத்தில் தவறுகிறது என்பதைச் சுட்டிக்காட்டுபவருக்கே புள்ளி.

அந்தப் பையனின் சில்லை எடுத்துக்கொள்வோம். இறங்கும் பக்கத்தில் நிறைகள் அச்சிலிருந்து விலகி நிற்கின்றன. ஏறும் பக்கத்தில் அச்சை நெருங்கி நிற்கின்றன. தூரத்தில் நிற்கும் நிறைக்குத் திருப்பம் கூடுதல் என்பதை அவன் சரியாகவே கண்டான். அவன் எண்ணாமல் விட்டது ஒன்றுதான்: விலகி நிற்கும் பக்கத்தில் நிறைகளின் தொகை குறைவு, நெருங்கி நிற்கும் பக்கத்தில் தொகை அதிகம். இருபுறத் திருப்பங்களையும் கூட்டிப் பார்த்தால் சில்லுச் சமன்பட்டு நிற்கும் நிலையொன்று வந்தே தீரும். பழைய சைக்கிள் சில்லிலே தீப்பெட்டிகளையும் நாணயங்களையும் கட்டி மாணவரே இதனைச் செய்து பார்க்கலாம். சில்லு இப்புறமும் அப்புறமும் ஆடி அடங்கும். பையனின் சிந்தனையிற் பாதி சரியானது என்பதை அன்று யாராவது அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு புதிர்: இரண்டு மீற்றர் உயரமான நீர்த் தொட்டி. சங்கிலியில் கோத்த மிதவைகள் அதனுள்ளே அடியாற் புகுந்து மேலே வருகின்றன; பின் வெளியே காற்றில் இறங்கி மீண்டும் அடிக்கு வருகின்றன. உள்ளே நீர் மேலே தள்ளுகிறது. வெளியே நிறை கீழே இழுக்கிறது. சங்கிலி சுற்றாதோ? அடி வாயில் ஒழுகும் என்று மாணவர் உடனே சொல்வர். ஒழுகாத வாயில் உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் சொல்லவேண்டும். அப்பொழுதே உண்மையான பாடம் தொடங்குகிறது. ஒரு லீற்றர் கனவளவுள்ள மிதவையை நீர் ஏறத்தாழ 9.8 நியூற்றன் விசையோடு உயர்த்துகிறது. இரண்டு மீற்றருக்குக் கிடைப்பது 19.6 யூல். ஆனால் அம்மிதவையை அடியிற் புகுத்தும்போது ஒரு லீற்றர் நீர் தன் இடத்தை விட்டு நகரவேண்டும். தொட்டியின் நீர்மட்டம் அதற்கேற்ப உயரவேண்டும். ஒரு கிலோகிராம் நீரை இரண்டு மீற்றர் தூக்குவதற்குச் சமமான வேலை அது, அதுவும் 19.6 யூல். வரவும் செலவும் ஒன்றே. உராய்வுக்குக் கொடுக்கக்கூட எதுவும் மிஞ்சவில்லை. வெறுங்குடத்தைக் கிணற்று நீரினுள் அமுக்கி அதன் எதிர்ப்பை உணர்ந்த பிள்ளைக்கு இக்கணக்கு அந்நியமாயிராது.

விளக்குத் திரியில் எண்ணெய் தானே ஏறுகிறதே, அதனைக் கொண்டு நீரை உயர்த்தி மேலே சொட்டவிடலாகாதா? திரியின் மறுமுனை பாத்திரத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே தொங்கினால் நீர் சொட்டும். மேலே நின்றால் ஒரு துளியும் சொட்டாது. ஏற்றிவிட்ட கவர்ச்சியே அங்குப் பிடித்தும் வைத்திருக்கிறது. சில கடைகளில் விற்கப்படும் தண்ணீர் குடிக்கும் கண்ணாடிப் பறவையோ ஓயாமற் குனிந்து நிமிர்கிறது. இது எப்படி? அதன் ஈரமான தலை உலரும்போது குளிர்கிறது. அறையின் வெப்பமே அதனை ஆட்டுகிறது. கண்ணாடிக் கூடொன்றினால் மூடினால், உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்ததும் பறவை நின்றுவிடும். இயங்காததன் தவறைக் கண்டுபிடிப்பதோடு, இயங்குவதன் ஊற்றைக் கண்டுபிடிப்பதையும் மாணவன் இவ்வாறு கற்கிறான்.

இனி, அந்தக் காணொளியிலே கண்ட மோட்டாருக்கு வருவோம். மோட்டாரும் மின்பிறப்பாக்கியும் தாம் பெறுவதில் நூற்றுக்கு எண்பதைத் திருப்பித் தருவதாகக் கொள்வோம். நூறு பங்கு ஒருமுறை சுற்றி வரும்போது 64 ஆகிறது. இரண்டாம் முறை 41. மூன்றாம் முறை 26. ஒரு மின்குமிழும் எரியுமுன்னரே பொறி நின்றுவிடும். அது நிற்கவில்லையென்றால், மேசைக்குக் கீழே ஒரு கம்பியோ பெட்டிக்குள் ஒரு பற்றறியோ இருந்தே ஆகவேண்டும்.

இவ்வுண்மையை உலகில் யார் மறந்தாலும் யாழ்ப்பாணத்தவர் மறக்கலாகாது. 1990களிலே பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். எம் பெற்றோர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது. சுழற்றியவரின் தோள்வலியே வானொலியின் குரலாய் ஒலித்தது என்பதை அவர்களுக்கு எந்தப் பாடநூலும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த அனுபவத்தை விதியோடு இணைக்காமல் விட்டது எமது கல்வியின் குற்றம்.

தானே சுழல்வதாகக் காட்டப்பட்ட சில்லுகளின் வரலாறும் இதனையே சொல்லுகிறது. 1717இல் ஜெர்மனியின் காசல் நகரருகே, ஓர்ஃபிரேயஸ் என்று தம்மை அழைத்துக்கொண்ட பெஸ்லர், பிரபுவின் மாளிகையில் பெருஞ்சில்லொன்றைச் சுழலவிட்டார். அறை பூட்டி முத்திரையிடப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்களின் பின் திறந்தபோதும் சில்லுச் சுழன்றுகொண்டிருந்தது. லைப்னிற்ஸ் போன்ற பேரறிஞரும் அவரது சில்லுகளிலே அக்கறை கொண்டனர். 1727இல் அவர் வீட்டுப் பணிப்பெண், அடுத்த அறையிலிருந்து தானும் வீட்டாரும் மாறி மாறி அதனைச் சுழற்றியதாகச் சாட்சியமளித்தாள். 1813இல் நியூயோர்க் நகரில் ரெட்ஹெஃபர் என்பவர் கட்டணம் வாங்கிக்கொண்டு தமது பொறியைக் காட்டினார். நீராவிக் கப்பலாற் புகழ்பெற்ற றொபேட் ஃபுல்ரன், அதன் ஓட்டம் சீராயில்லாததைக் கவனித்துச் சுவர்ப் பலகைகளைப் பெயர்த்தார். உள்ளே மறைந்திருந்த பட்டியைப் பின்தொடர்ந்தபோது, மேல்மாடத்தில் ஒரு கிழவர் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்தார் என்பது வரலாறு.

பணிப்பெண்ணின் கை, கிழவரின் கை. உழைப்பின்றி விளைவு என்று உலகுக்குக் காட்டப்பட்ட அவ்விடங்களிலே உழைப்பு மறைக்கப்பட்டிருந்ததேயன்றி இல்லாமற் போகவில்லை. கூலி வாங்கியவர் எவ்வளவு வாங்கினரோ நாமறியோம்; புகழையும் கட்டணத்தையும் பெற்றவர் யாரென்பதை அறிவோம். பிலடெல்பியாவின் கீலியோ இருபதாண்டுகளுக்கு மேலாக முதலீட்டாளரின் பணத்திலே வாழ்ந்தார். 1898இல் அவர் இறந்தபின், அவரது ஆய்வுகூடத் தரையின் கீழே அமுக்கிய காற்றை அடைப்பதற்கான பெரும் உருக்குக் கோளம் கண்டெடுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலே 1996இல் ராமர் பிள்ளையின் மூலிகைப் பெற்றோல் தமிழனின் கண்டுபிடிப்பென்று கொண்டாடப்பட்டது. விற்கப்பட்டது பெற்றோலியப் பொருட்களின் கலவையே என்று வழக்குத் தொடரப்பட்டு, 2016இல் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இன உணர்வைக் கிளறி விஞ்ஞானத்தை விலைபேசுவோர் எம்மிடையேயும் உளர். பாஸ்கரரின் சில்லைக் காட்டி, எம் முன்னோர் அன்றே எல்லாம் கண்டனர் என்பர். பாஸ்கரர் மாபெருங் கணித மேதை. அவருடைய சில்லுச் சுழலாது. இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லப் பழகாத பெருமை, பெருமையாகாது.

வரிசையில் நின்ற அந்த இளைஞரிடம் மீண்டும் வருவோம். முதலாளித்துவ நிறுவனங்கள் மக்களிடமிருந்து பலவற்றை மறைக்கின்றன என்ற அவரது ஐயம் முற்றிலும் தவறானதன்று. முற்போக்காளர் என்போர் இதனைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது பொறுப்பற்ற செயல். நாட்டின் டொலர் இருப்பு ஏன் தீர்ந்தது, எரிபொருட் கப்பல்களுக்கு ஏன் பணம் கொடுக்க முடியவில்லை, அதே 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தபோது அச்சுமை யார் தோளில் விழுந்தது என்பனவே அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். மாயப் பொறி அக்கேள்விகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மறைக்கப்பட்ட பொறியொன்று எங்கோ இருக்கிறது என்று நம்புபவன், தன் கண்முன்னாலுள்ள பொருளாதாரத்தைப் பார்ப்பதில்லை. அவ்வகையில் நித்திய இயக்கப் பொறி ஆள்வோருக்கு மிக வசதியான கனவு.

எம் யோசனைக்கு இரண்டு மறுப்புகள் எழும். போலிப் பொறியை வகுப்பிலே காட்டினால் போலி விஞ்ஞானம் பரவும் என்பது ஒன்று. அது ஏற்கெனவே மாணவரின் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியிற் பரவியிருக்கிறது. வகுப்பறை ஒன்றுதான் அதனைக் காணாததுபோல் பாவனை செய்கிறது. பாரிசு விஞ்ஞானக் கழகத்துக்குக் கதவைச் சாத்தும் உரிமை இருந்தது. அறிஞர்களின் நேரம் அருமையானது. ஆசிரியனுக்கு அவ்வுரிமை இல்லை. தவறான எண்ணத்தோடு வருபவனுக்காகவே பாடசாலை கட்டப்பட்டுள்ளது.

நேரமில்லை என்பது மற்றொன்று. மூன்று பாடவேளைகள் போதும். அம்மூன்றையும் மிச்சம் பிடித்து, பத்தாண்டு விஞ்ஞானக் கல்வியின் முடிவில் "அது சோதினைக்குப் படிச்சது" என்ற வாக்கியத்தைப் பெறுவதே சிக்கனம் என்று கருதுவோருடன் எமக்கு வாதமில்லை.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த தவணையிலே பழைய சைக்கிள் சில்லொன்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். விதியை முதல் நாளிற் சொல்லாதீர்கள். சுழலுமா, சுழலாதா, ஏன் என்று ஒவ்வொருவரையும் எழுதச் செய்யுங்கள். பின்னர் கட்டட்டும், சுற்றட்டும், எண்ணட்டும். மாணவ நண்பர்களே, ஆசிரியர் கொண்டுவராவிடின் நீங்களே கொண்டுசெல்லுங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தானே சுழல்கிறது என்று எவர் எதனைக் காட்டினாலும், அது சில்லாயினும் நாட்டின் பொருளாதாரமாயினும், சுழற்றும் கை எங்கே என்று கேளுங்கள்.

படத்தைக் கிழித்தெறிந்த அந்தப் பையன் இப்பொழுது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. இக்கட்டுரையின் கணக்குகள் அவனுக்கு நாம் அன்று கொடுத்திருக்கவேண்டிய விடை.